எட்டு வருஷம், அதே சம்பளம்

விடிவதற்கு முன்பே திருப்புலிவனம் விழித்துவிடுகிறது. ஐந்து மணிக்கெல்லாம் காஞ்சிபுரம் சாலையோரம் சாப்பாட்டுப் பையோடு பையன்களும் பெண்களும் நிற்கிறார்கள். ஒரகடம், சுங்குவார்சத்திரம், ஸ்ரீபெரும்புதூர் போகும் கம்பெனி பஸ்கள் வந்து ஏற்றிக்கொண்டு போகின்றன. இவர்களுடைய தாத்தாக்கள் ஏரித் தண்ணீரை நம்பி நெல் நட்டவர்கள். சிலர் காஞ்சிபுரத்துப் பட்டுக்குத் தறியில் உட்கார்ந்தவர்கள். பேரப்பிள்ளைகள் ஐ.டி.ஐ.யோ டிப்ளமோவோ முடித்துவிட்டு லைனில் நிற்கிறார்கள். மாதம் பிறந்தால் சம்பளம் வங்கிக் கணக்கில் விழுகிறது. வயலையும் தறியையும்விட இது மேல் என்று நம்பித்தான் வீட்டில் அனுப்பினார்கள். அந்த நம்பிக்கையில் தவறில்லை.

பக்கத்துத் தெருத் தம்பி ஒருவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் சம்பளச் சீட்டைக் கொண்டுவந்து காட்டினான். "அண்ணா, பார்த்துச் சொல்லுங்க. எட்டு வருஷம் ஆச்சு, கையில ஒண்ணும் நிக்க மாட்டேங்குது. நான்தான் கண்டபடி செலவு பண்றேன்னு வீட்ல சொல்றாங்க." 2017இல் 14,000 ரூபாய்க்குச் சேர்ந்தவன். ஆண்டுக்கு 600 ரூபாய் இன்கிரிமென்ட். 2025இல் 18,800.

ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டோம். விலைவாசி ஆண்டுக்குச் சராசரி 5 சதவீதம் ஏறியதாக வைத்துக்கொண்டால், 2017இன் 14,000 ரூபாய்க்கு வாங்கியதை 2025இல் வாங்க ஏறத்தாழ 20,700 ரூபாய் வேண்டும். அவன் வாங்குவது அதைவிட 1,900 ரூபாய் குறைவு. எட்டு ஆண்டு அனுபவம் உள்ளவன், முதல் நாள் ட்ரெய்னியாக உள்ளே போன அந்தப் பையனைவிடக் குறைந்த சம்பளத்துக்கு வேலை செய்கிறான். தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். "அப்ப நான் செலவாளி இல்ல" என்றான்.

ஊதியத் தேக்கம் என்பது இப்படித்தான் ஆளைக் குழப்புகிறது. சம்பளம் குறைந்தால் உடனே தெரியும், கோபம் வரும். ஆண்டுக்கு 600 ரூபாய் ஏறிக்கொண்டே இருந்து, அதைவிட வேகமாக வீட்டு வாடகையும் பெட்ரோலும் பள்ளி வேன் கட்டணமும் ஏறும்போது, குறை தன்னிடம்தான் என்று மனுஷன் நினைத்துக்கொள்கிறான். ஆகவே இந்த விஷயத்தில் முதல் வேலை கணக்குப் போடுவது. எந்த நிறுவனத்தில் வேலை செய்பவரும் சேர்ந்த ஆண்டின் சம்பளத்தையும் இன்றைய சம்பளத்தையும் இப்படி எதிரெதிரே எழுதிப் பார்க்க வேண்டும்.

இது அவன் கம்பெனியில் மட்டும் நடப்பதல்ல. 1980களின் தொடக்கத்தில் இந்தியத் தொழிற்சாலைகள் உருவாக்கிய நிகர மதிப்பில் ஏறத்தாழ 30 சதவீதம் தொழிலாளர் கூலியாகப் போனது. 2000களின் நடுவில் அது 10 சதவீதத்தை ஒட்டி வந்துவிட்டது. பிறகு ஓரளவே மீண்டது. ஒன்றிய அரசின் 2024-25 பொருளாதார ஆய்வறிக்கையே, 2023-24இல் பெரிய நிறுவனங்களின் லாபம் 22.3 சதவீதம் வளர்ந்தபோது வேலைவாய்ப்பு 1.5 சதவீதம்தான் வளர்ந்தது என்றும், லாபத்தோடு ஊதியம் சேர்ந்து வளரவில்லை என்றும் எழுதியது. சங்கத் தலைவர்கள் மேடையில் சொல்வதை அரசாங்கத்தின் பொருளாதார ஆலோசகர் எழுதும் நிலை வந்திருக்கிறது. மிஷின் பக்கத்தில் நிற்பவருடைய உற்பத்தி ஏறியிருக்கிறது. ஏறியது அவர் கைக்கு வரவில்லை.

சரி, என்ன செய்யலாம்? தனி ஆளாகச் செய்யக்கூடியவற்றை முதலில் பார்க்கலாம்.

எச்.ஆர். அறைக்குப் போய்க் கேட்கலாம். ஐ.டி. கம்பெனியிலும் அலுவலக வேலையிலும் இதற்குப் பலன் உண்டு. லைனில் நிற்பவருக்கு அநேகமாக இல்லை. அவருக்குச் சம்பளம் கிரேடு வாரியாக முன்கூட்டியே முடிவானது. வேறு கம்பெனிக்கு மாறலாம். டூல் ரூம், மெயின்டனன்ஸ், தரக் கட்டுப்பாடு தெரிந்தவர்கள் மாறி மேலே வந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் முப்பத்தைந்து வயதைத் தாண்டிய அசெம்பிளி லைன் ஆளை எவரும் புதிதாக எடுப்பதில்லை. மாறினால் சர்வீஸும் போகிறது, ஐந்து ஆண்டு முடியாமல் விட்டால் கிராஜுவிட்டியும் போகிறது. மாலைக் கல்லூரியில் படிக்கலாம். படித்தவர் மேலே போவார். அவர் விட்டுப்போன இடத்துக்கு வருகிற பையனுக்கு அதே பழைய சம்பளம்தான்.

ஓ.டி. பார்க்கலாம். தேங்கிப்போன சம்பளத்தைப் பெரும்பாலான குடும்பங்கள் இப்படித்தான் ஒட்டுப்போட்டுச் சமாளிக்கின்றன. ஓ.டி.க்கு இரட்டிப்புச் சம்பளம் என்பது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 59ஆவது பிரிவு தந்த உரிமை. பல இடங்களில் ஒற்றைச் சம்பளமே போட்டுவிட்டு, கேட்டால் "விருப்பம் இருந்தா பாரு" என்கிறார்கள். அதைக் கேட்டு வாங்குவது அவசியம். ஆனால் ஓ.டி. என்பது நேரத்தை விற்பது. வேலையின் விலை அதனால் ஒரு ரூபாய்கூட ஏறாது. 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டப்பேரவையில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் நிறைவேறியபோது சங்கங்கள் கட்சி பேதமில்லாமல் எதிர்த்தன. மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டது. எட்டு மணி நேரத்தில் குடும்பம் நடத்தும் சம்பளம் வேண்டும் என்ற பழைய கோரிக்கை அன்று தெருவில் நின்றது.

அடுத்து ஒரு சட்ட நுணுக்கம். இதைத் தெரிந்துகொள்ளாமல்தான் பலர் தனியாக மனுக் கொடுத்து அலைகிறார்கள். 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டம், வேலையை விட்டு நீக்கப்பட்ட ஒருவர் தனியாகவே வழக்கு எழுப்பலாம் என்று 2ஏ பிரிவில் வழி செய்தது. சம்பள உயர்வுக்கு அந்த வழி கிடையாது. அதை ஒரு சங்கமோ கணிசமான எண்ணிக்கையில் தொழிலாளர்களோ கையில் எடுத்தால்தான் அது தொழில் தகராறு ஆகும். அப்போதுதான் தொழிலாளர் துறை சமரச அலுவலர் இரு தரப்பையும் மேசைக்கு அழைப்பார். சம்பளத்தைச் சட்டமே பொதுச் சொத்தாகத்தான் பார்க்கிறது. தனி ஆள் கேட்டால் அது வேண்டுகோள். பலர் சேர்ந்து கேட்டால் அதற்குக் கோப்பு எண் உண்டு.

சேர்ந்து கேட்கிற பழக்கம் நமக்குப் புதிதல்ல. 1908 பிப்ரவரி இறுதியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் துணைநிற்க வேலையை நிறுத்தினார்கள். ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது: 50 சதவீதக் கூலி உயர்வு, குறைந்த வேலை நேரம், வார விடுமுறை. 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. பின்னி ஆலைத் தொழிலாளர்களுக்காக பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் நின்றார்கள். ஆலை முதலாளிகள் உயர் நீதிமன்றத்துக்குப் போய் வாடியாவுக்கு எதிராகத் தடை உத்தரவு வாங்கினார்கள். சங்கம் நடத்துவதே குற்றம் என்ற அந்த நிலையை மாற்றத்தான் 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. ஏழு பேர் கையெழுத்திட்டால் சங்கத்தைப் பதிவு செய்ய விண்ணப்பிக்கலாம் என்பது அந்தச் சட்டம் கொடுத்த உரிமை. பின்னாளில், மொத்தத் தொழிலாளர்களில் பத்து சதவீதமோ நூறு பேரோ, எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை சேர்ந்தது.

அந்த உரிமை இன்று எங்கள் மாவட்டத்தில் எப்படி இருக்கிறது என்பதற்கு சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைக்கு மேல் ஓர் உதாரணம் தேட வேண்டியதில்லை.

2007இல் தொடங்கிய ஆலை. டி.வி., ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் செய்கிறார்கள். சுமார் 1,800 தொழிலாளர்கள். சராசரி மாதச் சம்பளம் 25,000 ரூபாய் அளவில் என்று சங்கம் சொன்னது. பதினாறு ஆண்டுகள் சங்கம் இல்லை. பிறகு சி.ஐ.டி.யு. துணையோடு சங்கம் அமைத்து, 2024இல் பதிவுக்கு விண்ணப்பித்தார்கள். நிறுவனத்தின் பெயர் சங்கத்தின் பெயரில் வரக் கூடாது என்று ஆட்சேபம் வந்தது. பதிவு இழுத்துக்கொண்டே போனது. செப்டம்பர் 9 அன்று ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலையை நிறுத்திப் பந்தலில் உட்கார்ந்தார்கள். ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் பிடித்தது. அக்டோபர் தொடக்கத்தில் நிர்வாகம் வேறொரு தொழிலாளர் குழுவோடு கையெழுத்திட்டு, மார்ச் வரை மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை என்று அறிவித்தது. பந்தலில் இருந்தவர்கள் அதற்கு இறங்கவில்லை. அவர்கள் கணக்குச் சரி. ஊக்கத்தொகை அடிப்படைச் சம்பளத்தில் ஏறாது, காலம் முடிந்தால் காணாமல் போகும்.

37 நாள் கழித்து, அமைச்சர்கள் பேச்சுவார்த்தை நடத்திய பிறகு, அக்டோபர் 15 அன்று போராட்டம் முடிந்தது. கையில் சம்பள உயர்வு எதுவும் இல்லை. பலர் இதைத் தோல்வி என்றே எழுதினார்கள். ஆனால் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஆறு வாரத்துக்குள் முடிவெடுக்கச் சொல்லி டிசம்பரில் உத்தரவு வந்தது. 2025 ஜனவரி 27 அன்று பதிவுச் சான்றிதழ் கிடைத்தது. அடுத்த மாதமே சங்க நிர்வாகிகள் மூவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். அதை எதிர்த்து மீண்டும் ஒரு மாதம் போராட்டம். கடைசியில் 2025 மே மாதம் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வெ. கணேசன் முன்னிலையில் ஊதிய ஒப்பந்தம் கையெழுத்தானது. மூன்று ஆண்டில் மாதச் சம்பளம் 18,000 ரூபாய் உயரும்: முதல் ஆண்டு 9,000, அடுத்த இரண்டு ஆண்டும் 4,500 வீதம்.  25,000 வாங்கியவருக்கு முதல் ஆண்டே 9,000 என்றால், தேங்கி நின்ற அத்தனை ஆண்டுகளின் பள்ளத்தில் பெரும் பங்கு ஒரே கையெழுத்தில் நிரம்பியது.

இதே நிறுவனத்தின் தாயகத்தில், கொரியாவில், அதே 2024 ஜூன், ஜூலையில்தான் சாம்சங் எலெக்ட்ரானிக்ஸ் வரலாற்றிலேயே முதல் வேலைநிறுத்தம் நடந்தது. சங்கமே வேண்டாம் என்ற பரம்பரைக் கொள்கையைக் கைவிடுவதாக அதன் அன்றைய துணைத் தலைவர் லீ ஜே-யோங் 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கேட்டுச் சொல்லியிருந்தார். அங்கே கைவிட்டதாகச் சொன்னதை இங்கே கைவிட 37 நாள் பந்தலும் ஒரு நீதிமன்ற உத்தரவும் வேண்டியிருந்தது.

பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிலாளர்கள் இந்தக் கட்டத்தைப் பல ஆண்டுகளுக்கு முன்பே கடந்துவிட்டார்கள். அங்கே மூன்று ஆண்டுக்கு ஒரு முறை ஊதிய ஒப்பந்தம் என்பது வழக்கமாகிவிட்டது. 2024 ஏப்ரல் முதல் 2027 மார்ச் வரைக்கான ஒப்பந்தம் 2025 செப்டம்பரில் கையெழுத்தானது. மாதம் 31,000 ரூபாய் உயர்வு, மூன்று தவணையாக. பேச்சு ஒன்றரை ஆண்டு இழுத்தது என்பதையும் பார்க்க வேண்டும். ஆனாலும் எப்போது கேட்பது, யாரோடு பேசுவது என்று அங்கே எவரும் யோசிக்க வேண்டியதில்லை. பந்தல் போட்டு நின்றது ஒரு முறை வரும் செய்தி. மூன்றாண்டுக்கு ஒரு முறை தேதி வந்தவுடன் கோரிக்கைப் பட்டியலைக் கொடுக்கும் பழக்கம்தான் சம்பளத்தைத் தேங்கவிடாமல் வைத்திருக்கிறது.

ஒப்பந்தத்திலும் இரண்டு ரகம் உண்டு. நிர்வாகமும் சங்கமும் தங்களுக்குள் போட்டுக்கொண்டால் அது தொழில் தகராறுகள் சட்டத்தின் 18(1). கையெழுத்திட்ட தரப்பை மட்டும் கட்டும். சமரச அலுவலர் முன்னிலையில் போட்டால் 12(3). சங்கத்தில் சேராதவரையும், நாளை புதிதாக வேலைக்கு வருபவரையும் சேர்த்துக் கட்டும். இந்த வேறுபாடு, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. அதே தொகுப்பு வேலைநிறுத்தத்துக்கு எல்லா நிறுவனங்களிலும் குறைந்தது 14 நாள் முன்னறிவிப்பு கேட்கிறது. பாதிப் பேரோ அதற்கு மேலோ ஒரே நாளில் கேஷுவல் லீவு போட்டால் அதையும் வேலைநிறுத்தமாக எண்ணுகிறது. திடீரென்று வெளியே வந்து உட்காரும் பழைய வழி சுருங்கிவிட்டது. இனித் தேதி குறித்துத் தயாராக வேண்டும்.

யாரோடு பேசுவது என்பதுதான் எப்போதும் இடறும் கல். பதிவான சங்கத்தை நிர்வாகம் அங்கீகரித்தே ஆக வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் இருந்ததில்லை. மகாராஷ்டிரம் 1971இலேயே அப்படிச் சட்டம் போட்டது. கேரளம் 2010இல் போட்டது. புதிய தொகுப்பு 51 சதவீத உறுப்பினர் உள்ள சங்கத்தைப் பேச்சுவார்த்தைச் சங்கமாக ஏற்கச் சொல்கிறது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டுத்தான் நினைவுக்கு வரும். முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும், ஊர் வாரியங்களுக்கு ஆள் எடுக்கும் விதியைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். முப்பது குடும்பு, ஓலையில் பெயர், குடத்திலிருந்து ஒரு சிறுவன் எடுப்பான். அதில் ஒரு விதி இன்றைய சங்கங்களுக்கும் பொருந்தும்: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினர்களும் மறுபடி நிற்க முடியாது. சந்தாக் கணக்கை ஆண்டுதோறும் பொதுக்குழுவில் வைக்காத சங்கத்தைத் தொழிலாளர் நம்ப மாட்டார். அப்படி உடைந்த சங்கங்கள் நிறைய. ஆனால் அந்தக் கல்வெட்டின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் இருந்தவருக்குத்தான் ஓலை. அந்த நிலத்தில் நாற்று நட்டவர் பெயர் குடத்துக்குள் போகவே இல்லை.

இன்றைய குடத்துக்குள் போகாத பெயர்கள் காண்ட்ராக்ட் தொழிலாளர்களுடையவை. ஒரே லைன், ஒரே ஸ்குரூ டிரைவர், ஒரே டார்கெட். யூனிஃபார்ம் நிறம் வேறு, சம்பளம் பாதி. நிரந்தரத் தொழிலாளி போராடி வாங்கும் ஒவ்வொரு உயர்வும், நிர்வாகத்துக்கு இன்னும் கொஞ்சம் காண்ட்ராக்ட் ஆளை எடுக்கக் காரணமாகிறது. பத்து ஆண்டில் சங்க உறுப்பினர்கள் லைனில் சிறுபான்மை ஆகிவிடுகிறார்கள்; பிறகு அவர்கள் வேலையை நிறுத்தினாலும் லைன் நிற்பதில்லை. காண்ட்ராக்ட் தொழிலாளரை விட்டுவிட்டுச் சம்பளம் பேசும் சங்கம் தன் காலடி மண்ணையே விற்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

இவர்களுக்கும் சட்டத்தில் பிடி உண்டு. தமிழ்நாட்டில் 1981இல் வந்த நிரந்தரத் தகுதிச் சட்டம், 24 மாதத்துக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவரை நிரந்தரமாக்கச் சொல்கிறது. இப்படி ஒரு மாநிலச் சட்டம் இருப்பதே பலருக்குத் தெரியாது. 480 நாளை எட்டவிடாமல் நடுவில் நிறுத்தி மறுபடி எடுப்பதும், வேறு காண்ட்ராக்டர் பெயருக்கு மாற்றுவதும் இந்தச் சட்டம் தெரிந்ததால்தான். வருகைப் பதிவு, அடையாள அட்டை, பஸ் பாஸ், வங்கிக் கணக்குப் பதிவு என எதையும் தூக்கிப் போடாமல் வைத்திருக்க வேண்டும். நீதிமன்றத்தில் 480 நாளை நிரூபிக்க வேண்டியவர் தொழிலாளிதான். அரசுத் துறைத் தற்காலிக ஊழியர்களுக்குச் சம வேலைக்குச் சம ஊதியம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2016 அக்டோபரில் ஜக்ஜித் சிங் வழக்கில் சொன்னது. எங்கள் ஊரிலேயே அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் முனைவர் பட்டம் பெற்ற கௌரவ விரிவுரையாளர்களின் தொகுப்பூதியம் 20,000 ரூபாயாக நின்று பிறகு 25,000 ஆனது. பல்கலைக்கழக மானியக் குழு 2019இலேயே மாதம் 50,000 வரை கொடுக்கலாம் என்று சொல்லியிருந்தது. தேக்கம் தொழிற்சாலைக்கு மட்டும் சொந்தமான நோய் இல்லை.

கேட்டால் கம்பெனி ஓடிவிடும் என்ற பயத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. 2006இல் ஸ்ரீபெரும்புதூருக்கு வந்த நோக்கியா 2014 நவம்பரில் மூடியது. ஆயிரக்கணக்கானோர் வீட்டுக்கு வந்தார்கள். ஆனால் அதை மூட வைத்தது வரி வழக்கும் உலகச் சந்தையில் அந்த போனின் வீழ்ச்சியும். தொழிலாளர் சம்பளம் காரணமல்ல. நிஜமான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது: முதலில் பெயர் கொடுக்கிற நாலு பேர் மீது நடவடிக்கை பாயும். 2018இல் ஒரகடம் யமஹாவில் சங்கம் அமைக்க முன்னின்ற இருவர் நீக்கப்பட்டு, அதனால்தான் நெடிய வேலைநிறுத்தமே வந்தது. ஆகவே நாலு பேராக வெளியே தெரிவதைவிட, நூறு பேர் சேரும்வரை பொறுத்து ஒன்றாகத் தெரிவது நல்லது. சமரசப் பேச்சு நடக்கும்போது தண்டிக்கச் சட்டத்தில் கட்டுப்பாடு இருக்கிறது; அந்தக் கட்டத்தைச் சீக்கிரம் எட்டிவிட வேண்டும்.

வாங்கிய உயர்வு கரையாமல் இருக்கவும் வழி பார்க்க வேண்டும். இதற்கு இலங்கை மலையகத்தைப் பார்க்கலாம். தோட்டத் தொழிலாளர்கள் நாளுக்கு ஆயிரம் ரூபாய் கேட்டுப் பல ஆண்டு போராடி 2021 மார்ச்சில் பெற்றார்கள். கம்பெனிகள் அதோடு கூட்டு ஒப்பந்தத்தை விட்டு விலகின. அடுத்த ஆண்டே பொருளாதாரம் சரிந்து விலைவாசி உயர்வு 70 சதவீதத்தை ஒட்டிப் போனது. அரும்பாடுபட்ட ஆயிரம் ரூபாய் அரிசி, மாவு விலையில் கரைந்தது. விலைவாசிக் குறியீட்டோடு கட்டிய பஞ்சப்படி இருந்திருந்தால் கரைந்தது தானாக ஏறியிருக்கும். அரசு ஊழியருக்கு ஆண்டுக்கு இரு முறை ஏறும் அந்தப் படியை, தனியார் தொழிலாளி கோரிக்கைப் பட்டியலின் முதல் வரியாக எழுத வேண்டும்.

இரண்டாவது வரி, உயர்வு எந்தத் தலைப்பில் வருகிறது என்பது. தம்பியின் சீட்டில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து மொத்தத்தில் பாதிகூட இல்லை. மிச்சமெல்லாம் வருகை ஊக்கத்தொகை, பயணப்படி, ஸ்பெஷல் அலவன்ஸ். ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால் ஊக்கத்தொகை போய்விடும். பி.எஃப்.பும் கிராஜுவிட்டியும் அடிப்படைச் சம்பளத்தை வைத்து வருவதால், இன்று கையில் வருவதோடு முப்பது ஆண்டு கழித்து வரவேண்டியதும் தேய்கிறது. படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டியதை ஊதியமாகவே கணக்கிட வேண்டும் என்று புதிய ஊதியத் தொகுப்பு சொல்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு பேசலாம். இன்னொன்று, சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டினால் ஈ.எஸ்.ஐ. மருத்துவம் நின்றுவிடும். 2017 ஜனவரியில் வைத்த வரம்பு அது. உயர்வு கேட்கும்போதே குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீட்டையும் சேர்த்துக் கேட்காவிட்டால், ஒரு பிரசவச் செலவில் அந்த உயர்வு போய்விடும்.

இவற்றையெல்லாம் அவனிடம் சொன்னேன். "மத்தவங்க எவ்ளோ வாங்குறாங்கன்னே எனக்குத் தெரியாதுண்ணா. வெளிய சொல்லக் கூடாதுன்னு எச்.ஆர்.ல சொல்லியிருக்காங்க" என்றான். தன் சம்பளத்தைச் சக தொழிலாளியிடம் சொல்லக் கூடாது என்று எந்தத் தொழிலாளர் சட்டமும் சொல்லவில்லை. மகளுடைய பழைய நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, கோடு போட்டு, பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவரிடமிருந்து தொடங்கினான்: சேர்ந்த ஆண்டு, அன்றைய சம்பளம், இன்றைய சம்பளம், அடிப்படை எவ்வளவு, ஓ.டி. ஒற்றையா இரட்டையா. முதல் வாரம் இரண்டு பேர்தான் சொன்னார்கள். இப்போது பதினான்கு பேருடைய கணக்கு அதில் இருக்கிறது. ஐந்து பேர் காண்ட்ராக்ட்.